டர்பன் சொந்தங்களுக்கு முதல் பார்சல்: புறப்படுவதற்கு முன் அனுப்ப நினைப்பவர்களுக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் குடும்பங்களில் இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கிற சங்கதி இது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு வாட்ஸ்அப் செய்தி வரும். "எங்கள் தாத்தாவின் தாத்தா உங்கள் ஊர்க்காரர், இதோ அவருடைய கப்பல் எண்" என்று ஒரு பழைய பதிவேட்டின் படமும் கூடவே வரும். அல்லது நம் வீட்டுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்து தேடி, டர்பனில் ஒரு கிளை இருப்பதைக் கண்டுபிடிக்கும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் கப்பலேறியது சென்னையில்தான். கரும்புத் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாத ஒரு சித்தப்பன் பெரியப்பன் கதை நம் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு.

கண்டுபிடித்தாயிற்று, பேசியாயிற்று, விசாவுக்கும் கேட்கத் தொடங்கியாயிற்று. போவதற்கு முன் ஏதாவது அனுப்பி வைக்கலாமே என்று வீட்டில் பேச்சு வரும். அனுப்புங்கள், நல்லதுதான். ஆனால் அந்த முதல் பார்சல் சின்னதாக இருக்கட்டும்.

ஏன் சின்னதாக என்று சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கிடைத்த உறவில் இரண்டு பக்கமும் வெளியே சொல்லாத ஒரு பயம் இருக்கும். "இந்தியாவிலிருந்து பேசுகிறார்கள், நாளைக்குப் பணம் கேட்பார்களோ" என்று அவர்களுக்கு. "பூர்வீக நிலத்தில் பங்கு கேட்டு வருவார்களோ" என்று நம் பக்கத்துப் பெரியப்பாவுக்கு. இந்த நேரத்தில் பட்டுப்புடவையும் வெள்ளிக் குத்துவிளக்குமாக ஒரு பெரிய பெட்டி போய் இறங்கினால், வாங்குகிறவர் மகிழ்வதற்கு முன் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். இதற்கு ஈடாக நாம் என்ன செய்வது என்று தவிப்பார். முதல் பார்சல் யார் தலையிலும் கடன் ஏற்றக்கூடாது. பெரியதெல்லாம் நேரில் போகும்போது கையில் எடுத்துப் போகலாம்.

அனுப்பும் முன் உறவை உறுதி செய்துகொள்ளுங்கள்

கப்பலில் போனவர்களைப் பதிந்த நேட்டால் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. அதோடு பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா அல்லது தாணா (காவல் நிலைய எல்லை), கிராமம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருப்பார்கள். பெயரும் தகப்பன் பெயரும் பொருந்துகிறது என்பது மட்டும் போதாது. ராமசாமி மகன் முனுசாமி ஒரு தாலுகாவிலேயே பத்துப் பேர் இருப்பான். கிராமம், வயது, போன வருடம், நம் வீட்டில் வழிவழியாகச் சொல்லும் கதை இவற்றில் குறைந்தது மூன்று ஒத்துப்போக வேண்டும். 'வடஆற்காடு' என்று எழுதியிருந்தால் இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களோடு நிறுத்திவிடாதீர்கள். 1911-ல் சித்தூர் ஜில்லா பிரிந்தபோது வடஆற்காட்டின் ஒரு பகுதி அதற்குப் போய்விட்டது. நீங்கள் தேடும் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்.

டிஎன்ஏ சோதனை செய்திருந்தால் அதை ஒரு துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எள்ளுத்தாத்தா பொதுவாக உள்ள இருவரில் பத்தில் ஒரு ஜோடிக்குப் பொதுவான பகுதி எதுவுமே தென்படாமல் போகலாம். அத்தை மகள், மாமன் மகன் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டிய குடும்பங்களில் நேர்மாறாகத் தூரத்து உறவும் நெருங்கிய உறவு போலக் காட்டும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் அனுப்பக் கூடாதா? அனுப்பலாம். கடிதத்தில் மட்டும் "உங்கள் கொள்ளுத்தாத்தாவும் எங்கள் கொள்ளுத்தாத்தாவும் உடன்பிறந்தவர்கள்" என்று அடித்து எழுதாமல், "ஒரே ஊர், ஒரே குடும்பமாக இருக்கலாம் என்று நினைக்கிறோம்" என்று எழுதுங்கள். பின்னால் வேறு தெரியவந்தாலும் ஊர்க்காரர் உறவு நிற்கும்.

ஒருவரைப் பிடித்து நான்கு கேள்வி கேளுங்கள்

திடீர் மகிழ்ச்சி கொடுக்கிறேன் என்று சொல்லாமல் அனுப்பும் வேலை இங்கே உதவாது. அந்த வீட்டில் உங்களோடு அதிகம் பேசுகிறவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் நாற்பது ஐம்பது வயதுப் பெண்ணாக இருப்பார், குடும்பக் கதையைச் சேர்த்து வைப்பவர் அவராகத்தான் இருப்பார். அவரிடம் கேட்டுவிடுங்கள்.

முதலில், வீட்டில் யார் யார், வயது என்ன. குடும்பம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீடு, ஃபீனிக்ஸ் பகுதியில் ஒரு வீடு, ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு மகன் என்று சிதறியிருக்கும். ஒரு வீட்டுக்கு மட்டும் அனுப்பினால் நம் ஊரில் என்ன நடக்குமோ அதேதான் அங்கும் நடக்கும். எல்லா வீட்டுக்கும் ஒன்றாவது இருக்கட்டும், அல்லது எல்லாருக்கும் பொதுவான ஒன்றாக இருக்கட்டும்.

அடுத்து, என்ன மதம். இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனாலும் கேளுங்கள். டர்பன் தமிழ்க் குடும்பங்களில் கிறிஸ்தவத்துக்கு, அதிலும் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போனவர்கள் நிறைய. ஒரே குடும்பத்தில் அண்ணன் காவடி எடுப்பார், தம்பி சபைக்குப் போவார். குலதெய்வக் கோயில் விபூதியையும் குங்குமத்தையும் தம்பி வீட்டுக்கு அனுப்பினால் அவரால் வைத்துக்கொள்ளவும் முடியாது, தூக்கிப் போடவும் மனம் வராது. இந்து வீடு என்றால் அதே விபூதிப் பொட்டலத்தைவிட உயர்ந்த பரிசு கிடையாது. இரண்டும் தெரியாமல் முடிவெடுக்காதீர்கள்.

மூன்றாவது, சாப்பாடு, விரதம், நாள். அங்கே புரட்டாசி விரதத்தை நம்மைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் வீடுகள் உண்டு. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது இன்றும் நடக்கிறது. டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டர் சமயத்தில், புனித வெள்ளியன்று, பெருங்கூட்டம் கூடும். நம் ஊர் நாட்காட்டியை வைத்துக்கொண்டு அவர்களுடைய விசேஷ நாளைக் கணிக்க முடியாது என்பதற்கு இது ஒன்றே போதும். தைப்பூசத்துக்கு முன்னால் போய்ச் சேருகிற மாதிரி அனுப்பினால் காவடி எடுக்கிற வீட்டில் அதற்குத் தனி மதிப்பு.

நான்காவது, முகவரியும் தொலைபேசி எண்ணும். அங்கே அஞ்சல் குறியீடு நான்கு இலக்கம். சாட்ஸ்வொர்த் என்றால் 4092, ஃபீனிக்ஸ் என்றால் 4068. தொலைபேசி எண்ணை +27 சேர்த்து, முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு எழுத வேண்டும்.

பெட்டிக்குள் முதலில் காகிதம்

துணியையும் பலகாரத்தையும் பற்றி யோசிப்பதற்கு முன் காகிதத்தைத் தயார் செய்யுங்கள். எடை இல்லை, வரி இல்லை, கெட்டும் போகாது. அவர்கள் வீட்டில் வேறு எதற்கும் கிடைக்காத இடம் இதற்குக் கிடைக்கும். நூறு வருடமாக ஓர் ஊர்ப் பெயரை மட்டும், அதுவும் ஆங்கிலக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய எழுத்தில், சுமந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள்.

பெரிய தாளில் குடும்ப மரம் ஒன்று வரையுங்கள். நம் பக்கம் தெரிந்ததை எழுதி, கப்பல் ஏறியவரின் பெயருக்கு நேரே பதிவேட்டு எண்ணைக் குறித்து, அதற்குக் கீழே அவர்கள் நிரப்புவதற்குக் கட்டங்களை வெறுமனே விட்டுவிடுங்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் அந்தக் கட்டங்களை நிரப்ப அங்கே மூன்று வீடுகள் ஒன்றுகூடிப் பேசும். பெண்களின் பெயரை விடாமல் எழுதுங்கள். நம் வீடுகளில் சொல்லும் வம்ச வரிசையில் மகன்கள் மட்டுமே இருப்பார்கள், கட்டிக்கொடுத்த பெண்கள் காணாமல் போயிருப்பார்கள். ஊரில் வயதான ஆயா யாராவது இருந்தால் அவரிடம் ஒரு மாலை உட்கார்ந்தால் பாதிப் பெயர்கள் வந்துவிடும். பெயரை ஆங்கிலத்திலும் எழுதுங்கள், ஏனென்றால் அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் குறைவு, வீட்டுமொழி ஆங்கிலம். உறவுமுறையை மட்டும் தமிழில் அப்படியே ஆங்கில எழுத்தில் வையுங்கள். பெரியப்பாவும் மாமாவும் 'அங்கிள்' ஆகிவிட்டால் பங்காளி யார், பெண் கொடுத்தவர் யார் என்பது தாளில் புரியாது.

அடுத்து, படங்கள். ஊர் எல்லைப் பலகை, குலதெய்வக் கோயில், ஏரி, பழைய வீடு நின்ற இடம், இப்போதிருக்கும் குடும்பம். செல்போனில் அனுப்பிவிட்டோமே என்பீர்கள். கண்ணாடிச் சட்டம் போடுவதற்குத் தோதாக அச்சிட்டு அனுப்பினால்தான் அது சுவரில் ஏறும். சட்டத்தை அவர்களே போட்டுக்கொள்ளட்டும், கண்ணாடி உடையும். பழைய படங்களின் அசலை ஒருபோதும் தபாலில் போடாதீர்கள், ஸ்கேன் செய்து பிரதியை அனுப்புங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று குறியுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். கையால் எழுதுங்கள். முதல் இரண்டு வரி தமிழில், மீதி ஆங்கிலத்தில். பணத்தைப் பற்றியோ, நிலத்தைப் பற்றியோ, பிள்ளைக்கு அங்கே வேலை கிடைக்குமா என்பதைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம்.

துணி

புடவை எடுக்கத்தான் போகிறீர்கள், எடுங்கள். பருத்திப் புடவை, அல்லது எடை குறைந்த ஆரணிச் சேலை. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் புடவை கட்டுகிறார்கள், அன்றாடம் இல்லை. ஆகவே வீட்டில் கட்டும் சேலை அங்கே அலமாரியில் தூங்கும். ரவிக்கை தைக்காமல் துணியாகவே அனுப்புங்கள். ஆண்களுக்கு ஒட்டிக்கொள்ளும் வேட்டி. இதைச் சொன்னால் நம் ஊர்ப் பெரியவர்கள் சிரிப்பார்கள், ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை கோயிலில் மட்டும் வேட்டி கட்டுகிற டர்பன் மாமாவுக்கு அதைவிட நிம்மதியான பொருள் இல்லை. குடியாத்தம் கைலியும் நல்ல பரிசு, நம் பக்கத்துச் சரக்கு என்று சொல்லியும் கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்குத் தைத்த உடுப்பு வேண்டாம், அளவு தவறும்.

தின்பண்டம்: முதல் பார்சலில் வேண்டாம்

மிளகாய்த்தூளும் மசாலாவும் டர்பனுக்கு அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. விக்டோரியா தெருச் சந்தையில் குன்று குன்றாகக் குவித்து வைத்து மசாலா விற்கிற ஊர் அது. பால் சேர்ந்த இனிப்பு, நெய்ப் பலகாரம், தேன், கருவாடு, விதைகள், பச்சை இலைகள் எல்லாம் வேளாண் சோதனையில் மாட்டும். மாட்டினால் அந்தப் பொட்டலம் மட்டும் தனியாகப் போகாது, பெட்டி முழுவதும் அங்கேயே நிற்கும். பச்சை மஞ்சள் கிழங்கும் செடிக் கணக்கில் வரும். ஊறுகாய் எண்ணெய் கசிந்து குடும்ப மரத்தில் பரவினால் அதைவிடக் கொடுமை இல்லை. அதிரசம் சுட்டுத் தரும் பாட்டியைச் சமாதானப்படுத்துவதுதான் இந்தப் பட்டியலிலேயே கடினமான வேலை.

ஆசைப்பட்டு வைத்து மாட்டிக்கொள்ளும் பொருள்கள்

சொந்த ஊர் மண். எல்லாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், அங்கிருந்தும் கேட்பார்கள். மண்ணோடு பூச்சியும் நோயும் பயணம் செய்யும் என்பதால் அனுமதிச் சீட்டு இல்லாமல் மண் கொண்டுவரப் பெரும்பாலான நாடுகள் விடுவதில்லை. அவர்கள் ஊருக்கு வரும்போது தாங்களே தொட்டுப் பார்க்கட்டும்.

மயிலிறகு. காவடிக்கு ஆகுமே என்று தோன்றும். மயிலிறகையும் அதில் செய்த பொருள்களையும் இந்தியாவிலிருந்து ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது. சந்தனக் கட்டையும் வேண்டாம்.

சூடம். தீப்பற்றும் திடப்பொருள் என்பதால் விமானத்தில் ஏறாது, பூஜை சாமான் பொட்டலத்தில் தெரியாமல் சேர்ந்துவிடும், பார்த்து எடுத்துவிடுங்கள். தீப்பெட்டி, அத்தர், ஸ்பிரே வகை, பேட்டரி உள்ள பொம்மை இவையும் அப்படியே. கொப்பரையும் தீப்பற்றும் பட்டியலில் இருப்பதுதான், பெட்டியில் வைக்காதீர்கள். பணமும் நகையும் பார்சலில் போகக் கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கொள்ளுத்தாத்தா வீட்டுப் பழம்பொருள். இதில்தான் நல்ல மனசுக்காரர்கள் சிக்குகிறார்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்குக் குறையாத சிலை, செதுக்கு வேலை, கலைப்பொருள் போன்றவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. அறிவியல், வரலாறு, இலக்கியம், அழகியல் மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி என்றால் 75 வருடமே போதும். ஆகவே பழைய வெண்கல விளக்கு, ஓலைச்சுவடி இவற்றை எடுப்பதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, இது தொல்பொருள் இல்லை என்ற சான்று வாங்க வேண்டும். அந்த அலைச்சலை விட, புதிதாக ஒரு காமாட்சி விளக்கு வாங்கி நேரில் கொடுப்பது மேல். பழையதை நன்றாகப் படம் பிடித்து அனுப்புங்கள்.

மதிப்பும் வரியும்

தென்னாப்பிரிக்காவில், வெளிநாட்டிலிருந்து ஒரு தனிநபர் இன்னொரு தனிநபருக்குக் கேட்காமலே அனுப்பும் பரிசுக்கு, பார்சல் ஒன்றுக்கு 1,400 ராண்ட் மதிப்பு வரை வரி கிடையாது. ஒருவருக்கு ஓர் ஆண்டில் இரண்டு பார்சல் இப்படி வரலாம். 1,400 ராண்ட் என்பது நம் பணத்தில் சுமார் ஏழாயிரம் ரூபாய். மதுவும் புகையிலையும் இந்தச் சலுகையில் சேராது. இந்த எல்லையைத் தாண்டினால் 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும், அதன்மேல் பொருளுக்குரிய சுங்கமும் வரும். தைத்த ஆடைக்குச் சுங்கம் மட்டும் 45 விழுக்காடு. அதைக் கட்ட வேண்டியவர் பரிசு வாங்குகிறவர். நீங்கள் ஆசையாக அனுப்பிய பட்டுக்கு உங்கள் சொந்தக்காரர் கவுண்டரில் நின்று பணம் எண்ணுவதை நினைத்துப் பாருங்கள். பெட்டியைச் சின்னதாக வையுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இதுவும் காரணம். அனுப்பும் வாரத்தில் தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையின் இணையதளத்தில் இந்தத் தொகைகளை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெவ்வேறு வீட்டுக்கு என்றால் வெவ்வேறு பெயரில் தனித்தனிப் பெட்டியாக அனுப்பலாம். ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் திணித்து மதிப்பைக் குறைத்து எழுதாதீர்கள். சில ஏஜென்ட்கள் "நூறு ரூபாய் என்று போட்டுவிடலாம் சார்" என்பார்கள். பெட்டி தொலைந்தால் அந்த நூறு ரூபாய்க்குத்தான் இழப்பீடு, பிரித்துப் பார்த்து விலை ஒத்துப்போகாவிட்டால் தண்டமும் சேரும்.

கட்டுவதும் அனுப்புவதும்

கடிதம், படம், மரம் மூன்றையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, இரண்டு தடித்த அட்டைக்கு நடுவில் வையுங்கள். பெரிய தாளைச் சுருட்டி அட்டைக் குழாயில் போட்டால் தனியாகப் போக வேண்டியிருக்கும், மடித்தே வைத்துவிடலாம். துணிகள்தான் மெத்தை. பெட்டி புதிதாக, கெட்டியாக இருக்கட்டும். மளிகைக் கடைப் பெட்டியில் பருப்புத் தூசியும் பூச்சியும் இருக்கும். உள்ளேயும் ஒரு சீட்டில் இரண்டு முகவரியையும் எழுதிப் போடுங்கள். பெட்டியை ஒட்டாமல் எடுத்துப் போங்கள், கவுண்டரில் திறந்து பார்க்கக் கேட்பார்கள். ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகலும் கேட்பார்கள்.

சுங்கப் படிவத்தில் 'பரிசு' என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள். பரிசு என்பதற்கான கட்டத்தில் குறியிட்டுவிட்டு, கீழே "பருத்திப் புடவை 2, வேட்டி 2, அச்சிட்ட புகைப்படங்கள் 20" என்று எண்ணிக்கையும் ஒவ்வொன்றின் விலையும் எழுதுங்கள். எல்லாம் ஆங்கிலத்தில்.

அஞ்சலா, கூரியரா? நம் பக்கம் ஸ்பீட் போஸ்ட் மலிவு, நம்பகமும் உண்டு. ஆனால் பெட்டி அங்கே போய்த் தென்னாப்பிரிக்க அஞ்சல் துறையின் கைக்கு மாற வேண்டும். அந்தத் துறை 2023-ல் நிதி நெருக்கடியால் வணிக மீட்பு நடவடிக்கைக்குள் போய் ஏராளமான கிளைகளை மூடிவிட்டது. ஆகவே இந்த நாட்டுக்கு மட்டும் வீட்டு வாசல் வரை கொண்டு போகும் கூரியரையே எடுப்பேன். கூரியரில் எடை மட்டும் கணக்கில்லை. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எண்ணும் நிஜ எடையும் பார்த்து எது அதிகமோ அதற்குக் காசு. காற்றடைத்த பெரிய பெட்டிக்கு வீணாகப் பணம் போகும்.

பயணத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பாக அனுப்புங்கள். டிசம்பர் நடுவில் போய்ச் சேரும்படி மட்டும் வேண்டாம், அங்கே அப்போதிருந்து ஜனவரி முதல் வாரம் வரை பல நிறுவனங்கள் விடுமுறையில் மூடிக்கிடக்கும்.

பதிவு எண் கிடைத்ததும் ரசீதைப் படமெடுத்து அனுப்பி, கூடவே உள்ளே இருப்பவற்றின் பட்டியலையும் அனுப்புங்கள். கூரியர் நிறுவனம் பெறுநரின் அடையாள எண்ணைக் கேட்கலாம் என்று சொல்லி வையுங்கள். "உங்கள் பார்சல் நிற்கிறது, இந்த இணைப்பில் சிறு தொகை கட்டுங்கள்" என்று வரும் குறுஞ்செய்தி பெரும்பாலும் மோசடி. கூரியரின் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எதையும் கட்டச் சொல்லுங்கள். வயதானவர்களிடம் இதை நேராகப் பேசிச் சொல்லிவிடுவது நல்லது.

கையில் எடுத்துப் போவதற்கு மீதி வையுங்கள்

பயணியாக நீங்கள் கொண்டுபோகும் பொருளுக்குத் தனிச் சலுகை: ஆளுக்கு 5,000 ராண்ட் வரை வரி இல்லை. அதற்கு மேல் இன்னும் 20,000 ராண்ட் வரை 20 விழுக்காடு என்று ஒரே விகிதத்தில் கட்டிவிட்டுப் போகலாம். கணவன் மனைவி இருவர் போனால் பட்டும் விளக்கும் தாராளமாக இந்தக் கணக்குக்குள் அடங்கும். விளக்கைத் துணியில் சுற்றிப் பெரிய பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் சோதனையில் நிறுத்துவார்கள். விலை ரசீதுகள் கைப்பையில் இருக்கட்டும்.

யாருக்கு எது என்று பெயர் எழுதி ஒட்டிவிடாதீர்கள். போய் இறங்கியதும் அழைக்கப்படாத இரண்டு வீட்டார் புதிதாக வருவார்கள், பட்டியலில் இல்லாத ஒரு சித்தி வந்து கையைப் பிடித்துக்கொள்வார். பெயரில்லாமல் நாலைந்து வேட்டியும் ரவிக்கைத் துணியும் கூடுதலாக வைத்திருந்தால் சமாளிக்கலாம். திரும்பும்போது அவர்களும் சும்மா விடமாட்டார்கள், போகும்போதே பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு இடம் விட்டு அடுக்குங்கள்.